மூன்று லட்சத்தை எதில் போடுவது? சின்ன வெங்காய விவசாயி ஒருவருக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். மூன்று ஏக்கர் நிலம், ஒரு ஆழ்துளைக் கிணறு. இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம், ஒரு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறேன். வைகாசியில் நட்ட வெங்காயத்தில் கோழிக்கால் நோய் (தாள் திருகிக்கொள்ளும் நோய்) விழுந்தது. ஒரு ஏக்கர் கணக்கை எழுதியிருக்கிறேன். விதை வெங்காயம் 600 கிலோ, கிலோ 60 ரூபாய் வீதம் 36,000, உழவு, பாத்தி 8,000, நடவு 7,000, களை இரண்டு தடவை 10,000, உரம் 9,000, மருந்து 11,000, அறுவடை, தாள் அறுக்க 14,000. மொத்தம் 95,000. விளைந்தது 4,200 கிலோ, விற்றது 24 ரூபாய்க்கு. விதையை வியாபாரியிடம் கடனாக வாங்கியதால் அறுத்த உடனே அவரிடமே போட வேண்டியதாயிற்று. சீட்டு எடுத்த பணம் மூன்று லட்சம் கையில் இருக்கிறது. பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வை என்கிறார் மச்சான். வெங்காயப் பொடி இயந்திரம் வாங்கலாம் என்கிறார் தங்கை வீட்டுக்காரர். வெங்காயத்தையே விட்டுவிட்டு மூன்று ஏக்கரும் மக்காச்சோளம் போடு என்கிறார் அப்பா. புதிதாக ஏதாவது செய்தால்தான் தலை நிமிர முடியும் என்று எனக்கும் தோன்றுகிறது. எதில் போடலாம்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, வணக்கம். முதலில் ஒரு பாராட்டு. எனக்கு வரும் பத்துக் கடிதங்களில் ஒன்பதில் கணக்கு இருக்காது. "செலவு நிறைய ஆச்சு, கட்டுப்படியாகலை" என்ற ஒரே வரிதான் இருக்கும். நீங்கள் களைக்கூலி வரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

95,000 ரூபாய் செலவில் விதைக்கு மட்டும் 36,000. நூற்றுக்கு முப்பத்தெட்டு. வேறு எந்த இனமும் அதில் பாதிகூட இல்லை. விற்றது 1,00,800, மிஞ்சியது 5,800. சரி, அந்த விதை என்ன சரக்கு? உங்களைப் போன்ற ஒருவர் அறுவடை நேரத்தில் இருபது, இருபத்தைந்துக்குக் கொடுத்ததுதான். வியாபாரி அதைப் பட்டறையில், அதாவது காற்றோட்டமாக வெங்காயம் சேமிக்கும் அமைப்பில், இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, 'விதை வெங்காயம்' என்று 60 ரூபாய்க்கு உங்களிடமே தருகிறார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுருங்கலும் அழுகலும் அவர் கணக்கு, கடன் கொடுத்த பணம் வராமல் போகும் பயமும் அவருடையது. ஆனால் அந்தக் கடனால் உங்களுக்கு இரண்டு இடத்தில் அடி விழுகிறது. விதையை அவர் சொன்ன விலைக்கு வாங்குகிறீர்கள். விளைந்ததை அவர் சொன்ன நாளில் போடுகிறீர்கள். இதை அறுக்காமல் எந்த இயந்திரம் வாங்கினாலும் அதன் பலன் உங்கள் வீட்டுக்கு வராது.

மற்ற மூன்று யோசனைகளையும் முதலில் பார்த்துவிடலாம்.

பசுமைக்குடில் வேண்டாம். ஆயிரம் சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் போடவே எட்டு, பத்து லட்சம் ஆகும். மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும். ஓசூர், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் அது நன்றாக ஓடுகிறது. பெரம்பலூர் சித்திரை வெயிலில் பாலித்தீன் கூரைக்குள் நிற்கவே முடியாது, வெள்ளரி எப்படிக் காய்க்கும்?

வெங்காயப் பொடியும் வேண்டாம். தோலும் நீரும் போனால் ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோ சின்ன வெங்காயம் போகும். 24 ரூபாய் விலையிலேயே வெங்காயத்துக்கு மட்டும் 190 ரூபாய் ஆகிவிடும். உரிக்கும் கூலி, மின்சாரம், பாக்கெட் எல்லாம் அதற்கு மேல். எதிரே நிற்பது குஜராத்தின் மகுவா. வெள்ளை வெங்காயத்தை டன் டன்னாகக் காயவைக்கும் ஆலைகள் நிறைந்த ஊர் அது. அவர்களோடு விலையில் மோத நம்மால் ஆகாது. சின்ன வெங்காயத்தின் மதிப்பே அதன் பச்சை வாசத்திலும் காரத்திலும்தான் இருக்கிறது. மதிப்புக் கூட்டும் ஆசை இருந்தால் உரித்த வெங்காயமாக விற்பதை யோசிக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பா சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். மூன்று ஏக்கரும் சோளம் என்பது தோல்வியை ஒத்துக்கொள்ளும் பேச்சு. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே காட்டில் வெங்காயத்துக்கு மேல் வெங்காயம் வைத்தால் அடித்தாள் அழுகல் பூஞ்சாணம் மண்ணிலேயே தங்கிவிடும். உங்கள் சோள ஏக்கரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே வாருங்கள். வெங்காயக் காட்டைச் சுற்றி இரண்டு வரிசை சோளமும் நடுங்கள். காற்றோடு வரும் இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது ஒரு தடுப்பு.

இனி விதை. சின்ன வெங்காயத்தைக் காயிலிருந்துதான், அதாவது விதை வெங்காயத்தை நட்டுத்தான், போட வேண்டும் என்றில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகத்தைச் சிறு கருப்பு விதையிலிருந்தே வளர்க்கலாம். காய் என்றால் ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வேண்டும், விதை என்றால் ஒரு கிலோ போதும். இது பல வருடமாகத் தெரிந்த சங்கதி. இருந்தும் உங்கள் பக்கத்தில் பலர் தொடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நாற்று விட்டு நடுவதால் பயிர்க்காலம் நீளும், நடவுக்கு ஆள் கூடும், ஆரம்பத்தில் களை முந்திக்கொள்ளும். ஆகவே இரண்டு ஏக்கரையும் விதைக்கு மாற்றச் சொல்லவில்லை. 20 சென்ட்டில் மட்டும் விதையிலிருந்து பயிர் செய்து, அந்தக் காயை அடுத்த பட்டத்துக்கு உங்கள் சொந்த விதை வெங்காயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு இப்படி வரும். கார்த்திகை முதல் வாரத்தில் 200 கிராம் விதையை மேட்டுப்பாத்தியில் விடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் நாற்று தயார். மார்கழி கடைசியில் நடவு, பங்குனியில் அறுவடை. மழை இல்லாத வெயிலில் அறுப்பதால் காய் நன்றாகக் காயும், பட்டறையில் நிற்கும். நட்டால் ஒழுங்காக முளைக்க வெங்காயத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாத உறக்கம் வேண்டும். அது முடியும்போது வைகாசி வந்துவிடும், உங்கள் பட்டமும் அதுதான்.

20 சென்ட்டில், உங்கள் இப்போதைய விளைச்சல் கணக்கிலேயே 800 கிலோ வரும். சுருங்கல், அழுகல் என்று கால்பாகம் போனாலும் 600 கிலோ மிஞ்சும். ஒரு ஏக்கருக்கு வேண்டியது அதுதான். செலவைப் பாருங்கள். விதை வெங்காயம் நீங்கலாக உங்கள் ஏக்கர் செலவு 59,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு 12,000. விதை, நாற்றங்கால், கூடுதல் நடவுக்கூலி என்று இன்னொரு 4,000 வைத்துக்கொள்வோம். 36,000 ஆன இடத்தில் 16,000. விளைச்சல் ஒரு கிலோ கூடாமல், விலை ஒரு ரூபாய் ஏறாமல், 5,800 ஆக இருந்த உங்கள் மிச்சம் 25,800 ஆகிறது. முதல் வருடம் ஒரு ஏக்கருக்கு மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். கைவந்துவிட்டால் 40 சென்ட்டாக்கி இரண்டு ஏக்கருக்கும் எடுக்கலாம்.

'என் காட்டுக் காயிலேயே கொஞ்சம் எடுத்து வைத்தால் போதாதா?' என்று கேட்பீர்கள். கோழிக்கால் விழுந்த காட்டின் காயை விதைக்கு வைப்பது, நோயையும் சேர்த்துப் பட்டறையில் ஏற்றுவதற்குச் சமம். விதையிலிருந்து வரும் பயிர் அந்தச் சங்கிலியை அறுக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு, ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு படுத்துவிடும். பாக்கெட்டில் பரிசோதனைத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய விதையைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, மருந்துக்குப் போன 11,000. கடை சொன்னபடி நாலு மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வெங்காயத் தாளின் மேல் வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு கீழே ஓடும். தாளின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதுதான் காரணம். ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்த மருந்தும் அப்படியே மண்ணுக்குத்தான் போயிருக்கும். கடையில் 'வேலை செய்யவில்லை' என்று சொன்னால் இன்னும் காட்டமாக ஒன்றைத் தருவார்கள். டிரோன் வைத்து அடித்தாலும் இதே கதைதான்.

கோழிக்கால் நோய் தாள் நனைந்தே இருக்கும் நாட்களில்தான் ஓடிப் பரவும். நீங்கள் மழைத்தூவான் வைத்துப் பாய்ச்சுகிறீர்களா என்று எழுதவில்லை. வைத்திருந்தால், மழை இல்லாத நாளிலும் நீங்களே தாளை நனைத்து வைக்கிறீர்கள் என்று பொருள். மேட்டுப்பாத்தி போட்டு, பாத்திக்கு இரண்டு பக்கவாட்டுக் குழாய் வீதம் சொட்டுநீருக்கு மாறுங்கள். மழை பெய்தாலும் மேட்டுப்பாத்தியில் தண்ணீர் தேங்காது. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர் தருகிறது. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவை வேண்டும். பட்டா அப்பா பெயரில் இருந்தால் சான்றும் விண்ணப்பமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். உங்கள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

நடுவதற்கு முன், ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை ஐம்பது கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இடுங்கள். விலை குறைவு, அடித்தாள் அழுகலுக்கு நல்ல காவல். இலைப்பேனுக்கும் கோழிக்காலுக்கும் எந்த மருந்து, எந்த நாளில் என்பதை வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். போட்டோ போதாது, வேரோடு கொண்டுபோங்கள்.

சொட்டுநீர் என்றதும் தர்மபுரி ஞாபகம் வருகிறது. 2004 முதல் 2007 வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணைத் திட்டம் 400 எக்டேரில் நடந்தது. ஆளுக்கு ஒரு எக்டேர், முதல் வருடம் சேர்ந்தவர்களுக்கு முழு மானியம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குழாயையும் நீரில் கரையும் உரத்தையும்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரிய விஷயம் வேறு. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள், தரம் பிரித்தார்கள், சந்தைக்குச் சேர்ந்தே பேசப் போனார்கள். தனி ஆளாகப் போனால் ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் ஒரே தலையில் விழும். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி பிடித்தாலே திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்கோ திருச்சி மண்டிக்கோ நீங்களே போய்விடலாம். பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரித்துக் கொண்டுபோங்கள். கலந்து கொட்டினால் மொத்தத்துக்கும் பொடி விலையைத்தான் பேசுவார்கள்.

விற்கும் நாளை நீங்கள் முடிவு செய்ய வேண்டுமானால் பட்டறை வேண்டும். எப்படிப் போடுவது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் கல் மேல் நிற்க வேண்டும், அடியிலும் காற்றுப் போக வேண்டும். அகலம் நாலு, ஐந்து அடிக்கு மேல் போகக் கூடாது. இடம் மிச்சமாகும் என்று அகலமாகப் போட்டால் நடுவில் வெக்கை ஏறி அங்கிருந்துதான் அழுகல் கிளம்பும். நீளப்பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பட்டறையில் காய் நிற்குமா என்பது வயலிலேயே முடிவாகிவிடும். நட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு யூரியா போடாதீர்கள். தாள் கரும்பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கழுத்து தடித்து, காயாமல், பட்டறையில் முதலில் அழுகுவது அந்தக் காய்தான். அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள். தாளை அறுப்பதானால் ஒட்ட அறுக்காமல் விரல்கனம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சரக்குக்கு 25 டன் பட்டறை தேவையில்லை. இரண்டு ஏக்கரிலும் சேர்த்து எட்டரை டன்னுக்குள்தான் எடுக்கிறீர்கள். பாதியை வைத்தாலும் ஐந்து டன் பட்டறை தாராளம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்வதாக இருந்தால் 25 டன் அளவுக்குத் தோட்டக்கலைத் துறையில் பாதி மானியம் உண்டு. உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வருட ஒதுக்கீட்டைக் கேட்டுக்கொண்டு பிறகு கல் இறக்குங்கள். மானியத்தை எதிர்பார்த்து முதலிலேயே கட்டிவிட்டால் அந்தப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பட்டறை வந்ததும் மொத்தத்தையும் ஏற்றிவிடத் தோன்றும். கூடாது. உங்கள் 4,200 கிலோவை மூன்று மாதம் வைத்தால் கால்பாகம் போய் 3,150 கிலோ இருக்கும். அன்றைக்கு வந்த 1,00,800 ரூபாய் திரும்ப வரவே கிலோ 32 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காத்திருந்ததே நட்டம். 2023 ஜூலையில் சில்லறையில் கிலோ நூறைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே வருடம் டிசம்பர் 8-ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து, 2024 மே வரை தடை நீடித்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பெரிய வெங்காயத்துக்காக வந்த தடைதான். ஆனால் சின்ன வெங்காயக்காரர்களான நாமும் சேர்ந்து மாட்டினோம். டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் உங்கள் பக்கத்துச் செட்டிகுளத்தில் விலை இறங்கும். ஆகவே பாதியை அறுத்ததும் விற்றுச் செலவை எடுத்துவிடுங்கள், பாதியை வையுங்கள். மழையில் நனைந்து அறுத்த சரக்கானால் அந்தப் பாதியையும் வைக்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கு முன் சின்ன வெங்காய விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஜோசியம் மாதிரி நம்பத் தேவையில்லை, எவ்வளவு நடலாம் என்று முடிவு செய்ய ஒரு துணை.

இப்போது மூன்று லட்சம். விதைப்பயிருக்கு 16,000 எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீருக்கு மானியம் போக, பாத்தி அமைக்கவும் சில்லறைச் செலவுக்கும் கொஞ்சம் கைக்காசு ஆகும். பிறகு ஒரு சின்னப் பட்டறை. எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்தில் பாதியைத் தாண்டாது, தாண்ட விடவும் கூடாது. மீதியை வங்கியிலேயே விட்டு வையுங்கள். அடுத்த வைகாசியில் வியாபாரியிடம் போகாமல் நடவை முடிக்க அந்தப் பணம்தான் உங்களுக்குத் துணை. கூடவே உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு எழுதிக் கொடுங்கள். தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வட்டியில்லாக் கடன் வாசலில் இருக்கும்போது விதைக் கடனுக்கு விளைச்சலையே அடகு வைப்பானேன்?

வியாபாரியைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். பழைய பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டு, அவரிடமும் விலை கேளுங்கள். இரண்டு இடத்தில் விலை கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே அவர் பேச்சு மாறும்.

உரித்த வெங்காயம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். திருச்சியில் ஓட்டல்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் ஆள் கிடைக்காமல் திண்டாடும் வேலை அது. தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சின்ன வெங்காயம் உரிக்கும் கருவியை நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம் கொடுத்து வந்தார்கள், இப்போதும் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இயந்திரத்துக்கு முன்னால் வாடிக்கை வேண்டும். உரித்த வெங்காயம் குளிரில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். வீட்டில் கையால் உரித்து, தினமும் வாங்குகிற இரண்டு ஓட்டலுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். காசு சரியாக வருகிறதா, வண்டிச் செலவு கட்டுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். தங்கை வீட்டுக்காரருக்கு ஆர்வம் இருந்தால் இந்த வேலையை அவரிடமே விடுங்கள்.

கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு கூடிய தண்ணீரானால் சொட்டுநீர்க் குழாய் சீக்கிரம் அடைக்கும், உர அளவும் மாறும். முடிவு வந்ததும் அந்தச் சீட்டோடு, மழைத்தூவான் இருக்கிறதா, கிணறு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். 20 சென்ட்டை எந்த மூலையில் போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.